ஒடியாத விரல்

“வலிக்கா?”

“இல்ல அத்தே.”

“ஒடியலயே.”

“ஒடியவே ஒடியாது அத்தே,” என்றேன் பெருமையாக.

“அப்போ முத்தல்,” என்று சொல்லி என் சுட்டுவிரலை விட்டுவிட்டார்.

அவர் பிச்சம்மாள். பாளையங்கோட்டையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் சுந்தரியை நான் பெண் கேட்டு வந்திருந்தேன். பெண் கேட்டு வருகிறவனின் விரல் நுனியைப் பெண்ணின் அம்மா ஒடித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒடிந்த நுனி மறுநாள் முளைத்துவிடும்.

விரல் ஒடியக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். காய்கறிக்காரர்கள் வீட்டில் மட்டும் அது வெண்டைக்காய்போலப் படக்கென்று ஒடிய வேண்டுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிச்சம்மாள் என்னைத் தூக்கி, மாட்டுக்குப் போடும் முத்தல் காய்க் கூடையில் போட்டார். கூடையில் புடலங்காய்கள் இருந்தன. அவை நகர்ந்து இடம் கொடுத்தன.

தராசுக்குப் பின்னால் சுந்தரி நின்றிருந்தாள். ஒரு தட்டில் தக்காளி இருந்தது. மறு தட்டில் ஒன்றுமில்லை. இரண்டும் சமமாக நின்றன. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டியன் அண்ணாச்சி சொன்ன யோசனை. “நகம், முடி, எலும்பு எல்லாத்துக்கும் சிலிக்கா நல்லதுன்னு சொல்லுதாங்க தம்பி. மணல்ல இருக்கே, அதேதான். அதுக்காக மணல அள்ளித் தின்னுறாதீரும். அது உமக்குள்ள கரையாது. செடி கரைச்சு உறிஞ்சி வச்சிருக்கும். செடியத் தின்னும்.”

“எவ்வளவு வேணும் அண்ணாச்சி?”

“அத இன்னும் யாரும் முடிவு பண்ணல.”

ஆகையால் நிறையச் சாப்பிட்டேன். வெள்ளரிக்காயைத் தோலோடு சாப்பிட்டேன். பீன்ஸ் சாப்பிட்டேன். தவிடு போகாத அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டேன். வாழைப்பழத்திலும் சிலிக்கா நிறைய இருந்தது. ஆனால் அது பழத்தைவிட்டு வெளியே வர விரும்பவில்லை. செருப்புப் பெட்டிக்குள் கிடந்த சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம், “என்னைச் சாப்பிடாதே,” என்றது. சரி என்றேன். நாங்கள் நல்லபடியாகப் பிரிந்தோம்.

என் நகங்கள் பளபளத்தன. பிறகு விரல்கள் கண்ணாடியாயின. விரலின் வழியாகச் செய்தித்தாள் படிக்க முடிந்தது. எழுத்து பெரிதாகத் தெரிந்தது.

அண்ணாச்சி என்னைவிட அதிகம் சாப்பிட்டிருந்தார். அவர் இடுப்பு குறுகிக்கொண்டே போய் ஒருநாள் மணற்கடிகாரமாகிவிட்டார். அவர் மனைவிக்குச் சந்தோஷம். முட்டை வேகவைக்க அவரைத்தான் தலைகீழாக வைக்கிறார். இன்று அண்ணாச்சி எனக்குத் துணையாக வந்து தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய மணல் இறங்கி முடிவதற்குள் பேச்சு முடிய வேண்டும். முடியாவிட்டால் சுந்தரியை அடுத்து வருகிறவனுக்குப் பேசிவிடுவார்கள்.

அடுத்தவன் ஏற்கெனவே வரிசையில் நின்றான். அவன் விரல்களில் இளம்பச்சைப் பூனைமுடி இருந்தது. பார்த்தாலே பிஞ்சு.

நான் கூடையிலிருந்து இறங்கித் தராசை நோக்கி நடந்தேன். காய்க் குவியல்களுக்கு நடுவே இருந்த சந்து நீண்டுகொண்டே போனது. முட்டைக்கோஸ் வந்தது. பிறகும் முட்டைக்கோஸ் வந்தது. அண்ணாச்சியின் மணல் சரசரவென்று இறங்கும் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

“எவ்ளோ இருக்கு அண்ணாச்சி?”

“முழங்காலுக்கு மேல வந்துட்டு. வெரசா நடவும்.”

“நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“நடக்கீரு. ஆனா போவல.”

அப்போது சுந்தரி தராசைத் தாண்டி ஓர் எட்டு வைத்தாள். சந்து உடனே சுருங்கிவிட்டது. அவள் என் முன்னால் நின்று தன் சுட்டுவிரலை நீட்டினாள்.

“ஒடிச்சுப் பாருங்க.”

ஒடித்துப் பார்த்தேன். ஒடியவில்லை. அதன் வழியாக அவள் மூக்குத்தி பெரிதாகத் தெரிந்தது.

“கடையில விக்காத வெள்ளரிக்கா பூரா நான்தான் தின்னேன்,” என்றாள். “உங்களுக்கு ஒடியாதுன்னு கேள்விப்பட்டேன்.”

நாங்கள் விரல் நுனிகளைத் தட்டிக்கொண்டோம். டிங் என்றது. மார்க்கெட்டில் இருந்த எலுமிச்சம்பழங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

பிச்சம்மாள் இடுப்பில் கைவைத்தார். “ஏட்டி, நீயுமா முத்திட்ட?”

“ஆமாம்மா.”

“ரெண்டு முத்தல வச்சி நான் என்ன செய்ய?”

“செடியில முத்தினத நீ என்னைக்காவது மாட்டுக்குப் போட்டிருக்கியா? அத விதைக்குல்லா எடுத்துவைப்ப.”

பிச்சம்மாள் யோசித்தார். பிஞ்சு விரல்காரன் தன் விரலை நீட்டினான். அவர் பார்க்காமலே ஒடித்து வாயில் போட்டு மென்றார். “இது குழம்புக்கு ஆவும்,” என்றார். “விதைக்கு ஆவாது.”

பிறகு வாழைநார் எடுத்தார். விதைக்காயைக் கட்டுவதுபோல என் இரண்டு கைகளையும் சுந்தரியின் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினார். மூன்று முடிச்சு. கடை மூலையில் இருந்த அடுப்புக்கு மேலே, விதையைப் பூச்சி அரிக்காதபடி புகை படுகிற இடமாகப் பார்த்து எங்களைத் தொங்கவிட்டார். இதமாக இருந்தது. கீழே எல்லோரும் கைதட்டினார்கள். புடலங்காய்களும் தட்டின.

பிஞ்சு விரல்காரன் கூட்டத்துக்கு வெற்றிலை கொடுத்தான். பிச்சம்மாள் சாம்பாருக்குப் பருப்பைப் போட்டுவிட்டு, வேகிற நேரம் பார்க்க அண்ணாச்சி பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினோம். கடைசி மணல் அவர் இடுப்பில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது. அத்தோடு நேரமும் நின்றது. கைதட்டல் பாதியில் நின்றது. பருப்புக் கொதி நின்றது. சுந்தரியின் சிரிப்பும் பாதியில் நின்றது. அழகாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி மட்டும் மேலே, கட்டிய எங்கள் கைகளைப் பார்த்தார்.

“தம்பி, மணல் தீந்துட்டு. என்னையக் கொஞ்சம் திருப்பி வையுமேன்.”