ஊரே எழும்பி நின்ற பாட்டு

குதிரையை நான் நுவரெலியா பந்தயத் திடலில் ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறேன். அது என் தொப்பியைக் கடித்துவிட்டது. ஆனாலும் எண்பதுகளில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘கன்ட்ரி சுதா’ என்றால் நான்தான். சுதாகரன் என்ற பெயரைப் பாதியாக வெட்டி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டி, கிட்டாரோடு திருவிழா மேடைகளில் ஏறுவேன். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் பாடும் மெட்டு மாதிரி ஒன்றைப் போட்டு, தமிழில் நானே எழுதிப் பாடுவேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் மாடும் இருந்ததில்லை.

என் பெருமை முழுவதும் ஒரு திருவிழாவில் இருந்தது. அன்றைக்கு நான் மேடையில் காலை வைத்ததும், மொத்தக் கூட்டமும் எழும்பி நின்றது. முன்வரிசையில் இருந்த தோட்டத்துத் துரையும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழும்பினார். பாட்டு முடியும்வரை ஒருவர்கூட இருமவில்லை. முடிந்த பிறகு கைகூடத் தட்டாமல் மெதுவாக உட்கார்ந்தார்கள். மெய்மறந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். எனக்குச் சாதகமாகப் புரிந்துகொள்வதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

இந்தக் கதையைக் கல்யாண வீடு, சாவு வீடு, ஹட்டன் பஸ் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். சில வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னேன். பெண் நாகலெட்சுமி, அந்தத் திருவிழாவுக்கு வந்திருந்தவள். “நீங்களும் எழும்பி நின்னீங்களா?” என்று கேட்டேன். “நின்னேன்” என்றாள். அந்த நிமிடமே எனக்குக் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

ஹட்டனில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் பைஸர், தன் வாப்பா அந்தக் காலத்து மேடைகளில் பதிவு செய்த கேசட்டுகளைப் போன மாதம் தூசு தட்டி எடுத்தார். அதில் என் பாட்டுகளைப் பொறுக்கி யூடியூபில் ஒரு ஆல்பமாக விடலாம் என்றார். நான் மறுப்பேனா? ‘எழும்பி நின்ற ஊர்’ என்று பெயரும் நானே வைத்தேன். கொழும்பில் இருக்கும் மகள் லோஜினி முதல் ரொட்டிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் நாள் சொல்லியாகிவிட்டது.

வெளியீட்டுக்கு முதல் நாள் பைஸர் கடைக்கு வரச் சொன்னார். நாகலெட்சுமியும் கூட வந்தாள். பைஸரின் முகமே சரியில்லை.

“அண்ணே, அந்தப் பாட்டுக்கு முன்னால செஞ்ச அறிவிப்பும் கேசட்டுல இருக்கு. கேட்டுட்டு என்னைய ஏசாதீங்க.”

அறிவிப்புச் செய்தவர் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பழனியாண்டி மாஸ்டர். ‘அடுத்தது கன்ட்ரி சோங்’ என்று சொல்லுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டு, நான் மேடைக்குப் பின்னால் தொப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. மாஸ்டருக்குத் தமிழில் இங்கிலீஷ் கலந்தால் பிடிக்காது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

பைஸர் ஓடவிட்டார். மாஸ்டரின் குரல் கணீரென்று வந்தது.

“அடுத்ததாக, நாட்டுக் கீதம்!”

உடனே நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒரு பெண் யாரையோ அதட்டுகிறாள்: “எழும்புடா, தேசிய கீதம் பாடப் போறாங்க!” பிறகு அப்படி ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் என் குரல், கொழுந்து லாரி மலை ஏறுவதைப் பற்றி நீட்டி முழக்குகிறது.

பைஸர் வாயைப் பொத்திக்கொண்டார். என் காது இரண்டும் சுட்டன. இத்தனை வருடம் மார்தட்டிக்கொண்டது இதற்குத்தானா? அழுகை முட்டியது. அழுதால் அதையும் பதிவு செய்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

“அறிவிப்ப வெட்டிரலாம் அண்ணே. பாட்டுல இருந்து ஆரம்பிச்சா யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் பைஸர்.

“வெட்டிருங்க” என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். பிறகுதான் நாகலெட்சுமியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஒனக்கு இது தெரியுமா?”

“நான் அங்கதானே இருந்தேன்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“எழும்பி நின்னீங்களான்னு கேட்டீங்க, நின்னேன்னு சொன்னேன். ஏன் நின்னேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

இதற்கு மேல் அவமானப்பட என்னிடம் இடமில்லை. அவள் விடவில்லை.

“வெட்டாதீங்க. அதுல எங்கப்பாவும் நிக்கிறாரு. அவருக்குப் பிரஜாவுரிமை இல்ல. போன அரசாங்கக் கந்தோர்ல எல்லாம் நீ இந்த நாட்டு ஆளு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா கீதம்னு காதுல விழுந்ததும் தலப்பாவக் கழட்டிட்டு மொத ஆளா எழும்புனாரு.”

“பாட்டு வேறன்னு அவருக்குத் தெரியலையா?” என்றேன்.

“அவருக்கு எந்தக் கீதம் தெரியும்? நீங்க கொழுந்து லாரின்னு பாடவும், குனிஞ்சு என் காதுல சொன்னாரு, ‘பாத்தியா புள்ள, நம்மளயும் நாட்டுப் பாட்டுல சேத்துட்டாங்க’ன்னு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு வந்தாரு. மறு வருஷமே கண்ண மூடிட்டாரு, பிரஜாவுரிமை வராமலே.”

பைஸர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அது நாட்டுக் கீதம் இல்லப்பான்னு சொல்ல எனக்கு மனசு வரல,” என்றாள். “அவருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல.”

நான் பைஸரிடம் மாஸ்டரின் அறிவிப்பிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னேன்.