சுடலையின் பெருவிரலும் சர்க்கரை வேஷமும்

எங்கள் சந்து அம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

மும்பை தாராவியில் கைமுறுக்கு சுற்றுகிற சுடலைக்கு, தகர டப்பா மூடி கிழித்து வலது பெருவிரல் மரத்துப்போனது. காயம் ஆறியது, உணர்ச்சி திரும்பவில்லை. அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் படைக்கிற மாவை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பதமும் உப்பும் பார்ப்பது விரல்தான். விரல் போனால் படையல் முறுக்கு சுற்றும் உரிமையும் போச்சு. அதைத் தட்டிக்கொண்டு போக, அவன் மச்சினன் பேச்சிராஜா உல்லாஸ்நகரில் முறுக்கு மிஷினோடு தயாராக நின்றான்.

சுடலையின் அக்கா மகள் ஜான்சிக்குச் செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நரம்பு செல்லின் மேலே ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி உண்டாம், அது பட்டால் நரம்பு துளிர்க்குமாம். அந்தச் சர்க்கரையைச் செய்வது பெரும்பாடு. அதனால் அதே சாயலில் பெப்டைட் என்று குட்டிப் புரதத் துண்டைச் செய்கிறார்கள். வேஷம் கட்டி வருகிறவனைச் சாமி என்று நாம் கும்பிடவில்லையா, அதுமாதிரி நரம்பும் நம்பி வளர்ந்துவிடும் என்றாள்.

விரலில் ஒரு சொட்டு விட்டு, "காயுற வரைக்கும் எதையும் தொடப்பிடாது மாமா" என்றாள்.

பிசைந்த மாவு புளித்துவிடும் என்று இவன் நேரே போய்க் கையை விட்டான். நரம்பு நகத்தைத் தாண்டி மாவுக்குள்ளும் வளர்ந்து, முறுக்குக்கு முறுக்கு ஓர் இழை ஓடிவிட்டது. கையை எடுத்த பிறகும் முறுக்குக்குப் பட்டதெல்லாம் அவனுக்கும் பட்டது; கம்பியில்லாமல் போன் பேசும் காலத்தில் நரம்பு மட்டும் இளப்பமா? எண்ணெயில் போட்டதும் சுடலை வைத்த கூப்பாட்டை ரயில் ஹாரன் என்று நம்பி, சயானில் இரண்டு பேர் பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள்.

கொடையன்று, படையலுக்குச் சற்று முன்னால், சுடலை துள்ளினான்.

"ஏல, எவனோ என்னைக் கடிக்கான்."

பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். வாய் நிறைய முறுக்கோடு பேச்சிராஜா. சுடலை விரலுக்குப் பதம் தெரியாதே, உப்பு கூடிப்போயிருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்றுதான் பார்த்தானாம்.

கோயில் தலைவர் பூலோகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உப்பு எப்படிடே இருக்கு?"

"பக்காவா இருக்கு, அண்ணாச்சி."

"அப்போ இனிமேலும் சுடலையே சுத்தட்டும். படையலுக்கு முன்னாடி எச்சி பண்ணுன வாய்க்கு, உன் மிஷின் முறுக்கு போதும்."

அணைத்த சூடத்தை மறுபடி ஏற்றிவிட்டுச் சொல்வதானால், ஜான்சியின் பெப்டைட் இன்றுவரை, கண்ணாடித் தட்டில் வளர்க்கிற எலி நரம்பைத் தவிர வேறு எதன்மேலும் விடப்பட்டதில்லை.