பண்ணை ஸ்டாப்

தேவிப்ரியாவுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. பின்னே? பிளஸ் ஒன்னில் நாற்பத்திரண்டு பேர் இருக்க, ஏழாம் வகுப்புக்குத் தோழமை வகுப்பு எடுக்க மஞ்சுளா டீச்சர் இவளையல்லவா கூப்பிட்டிருக்கிறார்! பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மனசுவிட்டுப் பேச வேண்டும். பயம், கோபம், அழுகை எதுவானாலும் வெளியே சொல்லப் பழக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி பீரியட் முழுக்க அதற்குத்தான். "வாய் இருக்குதுன்னு உனக்குக் குடுத்துட்டாங்க" என்று கூடப் படிக்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டுமே! வாய் இருக்கிறதுதான், இல்லையென்று யார் சொன்னது?

அந்த வாய்க்குக் காரணம் அவள் அப்பா தனபால். போர்வெல் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனாரென்றால் திரும்பி வர எட்டு மாதம். வேலை நடக்கிற இடத்திலிருந்துதான் போன் பண்ணுவார். பின்னால் கம்ப்ரசர் ஊரையே தூக்கிக்கொண்டிருக்கும். "சாமி, சாப்டியா?" என்று அவர் அங்கே தொண்டை கிழியக் கத்துவார், இவள் இங்கே வீதி அதிரக் கத்துவாள். பிறந்ததிலிருந்து இப்படிப் பேசியே வளர்ந்தவளுக்கு மெல்லப் பேசுவதென்றால் என்னவென்றே தெரியாது. உலகத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றும் அவள் நினைத்திருந்தாள். அங்கேதான் வந்தது வினை.

வேப்பமரத்தடியில் முப்பது வாண்டுகளும் வட்டமாக உட்கார்ந்தன. "இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்குது?" என்று கேட்டாள். "நல்லா இருக்குதுங்க்கா!" என்று முப்பதும் ஒரே ராகத்தில் பாடின. சரி, இது வேலைக்காகாது. கையேட்டைப் புரட்டினாள். உறுதியாகக் குரல் கொடுக்கும் பயிற்சி என்று ஒன்று இருந்தது. அடடா, இது நம்ம பாடமல்லவா!

"ஒவ்வொருத்தரா அந்தக் கொடிக்கம்பத்துக்கிட்டப் போய் நின்னு, 'எனக்குப் பிடிக்கல, வேண்டாம்'னு கத்தோணும். எனக்கு இங்க கேக்கோணும். கேட்டா எல்லாரும் கை தட்டோணும். சரியா?"

சரியாவாவது! கத்தச் சொல்லி ஒரு வகுப்பா? பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தன் கத்திய கத்தில் மரத்திலிருந்த காக்காய் எல்லாம் பறந்துவிட்டது. பக்கத்து வகுப்பு ஜன்னலில் தலைகள் முளைத்தன. தட்டித் தட்டித் தேவிப்ரியாவின் உள்ளங்கை சிவந்துபோனது. இருபத்தொன்பது பேர் முடிந்து கடைசியாக நர்மதா போய் நின்றாள். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட, பூஞ்சையான பெண்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னும் சத்தமா, அம்மிணி!"

மறுபடியும் உதடுதான் அசைந்தது. தேவிப்ரியா கிட்டே போனாள். முகத்துக்கு நேரே காதைக் கொடுத்த பிறகுதான் விஷயம் கேட்டது. "கத்துனா கோழி மெரண்டுருங்க்கா."

"இங்க ஏது கோழி?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. நர்மதாவின் பக்கத்துப் பெஞ்சுக்காரன் குமரன்தான் எழுந்து நியாயம் சொன்னான். நர்மதாவின் அப்பா அங்கமுத்து கோழிப்பண்ணையில் வேலை. குடியிருப்பதும் பண்ணைக்குள்ளேயேதான். முப்பதாயிரம் கோழி. யாராவது சத்தம் போட்டால் கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும், மறுநாள் முட்டை குறைந்துபோகும். அதனால் தவழுகிற வயதிலிருந்தே அவளுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டியே வளர்த்திருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட ஒரு வெடி வெடித்ததில்லை.

"அதனால தெனமும் பஸ்ஸுல மாட்டிக்கிறாக்கா" என்றான் குமரன். "பண்ணை ஸ்டாப்புல யாராச்சும் சத்தம் குடுத்தாத்தான் நிப்பாட்டுவாங்க. இவ சொல்றது கண்டக்டருக்குக் கேக்காது. அடுத்த ஊர்ல போய் எறங்கி, மூணு கிலோமீட்டர் நடந்து வருவா. லாரி போற ரோட்டுல!"

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். தேவிப்ரியாவுக்கு ரத்தம் கொதித்தது. தினமும் ஒரு குழந்தையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடுவதா? கேட்க ஆளில்லையென்ற நினைப்பா? "இவ்வளவுதானே! இன்னைக்கு நான் வாரேன் உன்ற கூட. எப்படி நிக்காமப் போறாங்கன்னு பாக்கறேன்!"

பார்த்தாள். சாயங்காலம் நாமக்கல் பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. பண்ணை கண்ணில் பட்டதுமே தேவிப்ரியா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், டிரைவர் பயந்து பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். அதோடு விட்டாளா? கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். அது எப்படிங்க, இது எப்படிங்க என்று ஐந்து நிமிஷம் வறுத்தெடுத்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் இவள் பக்கம், பாதிப் பேர் நேரமாகிறதென்று முனகினார்கள்.

கண்டக்டரும் சளைக்கவில்லை. "ஏம்மா, எனக்குக் கேட்டா நிறுத்த மாட்டனா? நாளைக்கு அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லட்டும். தெனமும் நீ வருவியா?"

தேவிப்ரியாவுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவேயில்லை. ஜெயித்த குஷியில் இருந்தாள். ஆனால் இறங்கிப்போன நர்மதா திரும்பியே பார்க்கவில்லை. மொத்த பஸ்ஸும் தன்னையே பார்த்ததில் அவள் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தேவிப்ரியாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. புதன்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னால் நர்மதா தானாகவே தேடி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்தும் தாண்டிப்போயிருச்சுங்க்கா. ஊட்டுக்குப் போகையில இருட்டிருச்சு. வழியில ஒரு லாரி ஒரசற மாதிரி வந்துச்சு, நான் குழியில உழுந்துட்டேன்." முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. "எங்கப்பா அழுதுட்டாருங்க. முட்டை லோடு ஏத்தற நேரத்துல அவரால கூட்டிட்டுப் போக வர முடியாது. இன்னைக்கும் நேரங்கழிச்சு வந்தா, நாளைக்கிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம், எங்கூடவே பண்ணையில இருன்னுட்டாருங்க."

தேவிப்ரியா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேராக மஞ்சுளா டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், நானே தெனமும் பஸ்ஸுல போறேன். நானே கத்தறேன்!"

டீச்சர் கையேட்டை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். 'சின்னவர்கள் பேச வேண்டியதை நீங்கள் பேசிவிடாதீர்கள்' என்றிருந்தது. "முந்தாநாள் நீ கத்துனே. அவ என்ன கத்துக்கிட்டா?"

நறுக்கென்று தைத்தது. என்ன கத்துக்கிட்டாள்? அக்கா இருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது, அவ்வளவுதான். தேவிப்ரியாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வாயின் மேலேயே கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஒரு உறுமல் கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்குப் புது போர்வெல்! காலையிலேயே ரிக் லாரி வந்து நின்றிருந்தது. கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. எல்லா டீச்சர்களும் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். தேவிப்ரியாவுக்கு மட்டும் அப்பா பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. அப்போதுதான் மண்டைக்குள் பல்பு எரிந்தது. அட லூசே, இந்தச் சத்தத்துக்குள்ளே நின்று கத்தினால் எந்தக் கோழிக்குக் கேட்கும்?

மத்தியானச் சோறு முடிந்ததும் நர்மதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். ரிக்கிலிருந்து புழுதி புகையாய்ப் பறந்தது. கயிறு கட்டியிருந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.

"கத்து!"

"என்னங்க்கா?" உதடுதான் தெரிந்தது.

"பாத்தியா, எனக்கே கேக்கல! ஆருக்கும் கேக்காது! கத்து!" தேவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கூப்பாடு போட்டுக் காட்டினாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

நர்மதா சுற்றுமுற்றும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கத்துகிறாளா, கொட்டாவி விடுகிறாளா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் முகம் மாறியது. முதலில் பயம், அப்புறம் ஆச்சரியம், அப்புறம் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். "பண்ணை ஸ்டாப்பு!" என்று தேவிப்ரியா வாயசைக்க, அவளும் அதையே கத்தினாள். ஐந்து தரம், பத்து தரம்.

ரிக் லாரிக்காரர் மகளுக்கு மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. துளை இருபது அடி இறங்கியதும் அடுத்த இரும்பு ராடு மாட்ட மிஷினை நிறுத்துவார்கள். உலகத்தில் யார் மறந்தாலும் தேவிப்ரியா மறக்கலாமா? மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் அடியோடு மறந்துவிட்டாள்.

மிஷின் நின்றது.

"பண்ணை ஸ்டாப்பூ! நிறுத்துங்கோவ்!"

பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. சுவரில் பட்டுத் திரும்பி வந்தும் ஒரு தடவை கேட்டது. ராடைக் கையில் பிடித்திருந்த ரிக் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். தலைமையாசிரியர் டிபன் பாக்ஸோடு வராந்தாவுக்கு வந்துவிட்டார். நர்மதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டாள் என்று தேவிப்ரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரிக் அண்ணன்தான் காப்பாற்றினார். "மிஷினத்தான் நிறுத்திட்டனே கண்ணு, இன்னும் என்னத்த நிறுத்தறது?" என்றார் பாவமாக.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரே சிரித்துவிட்டார். குமரன் எங்கிருந்தோ கை தட்ட ஆரம்பித்தான், ஏழாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்துகொண்டது. நர்மதா மெதுவாகக் கையை வாயிலிருந்து எடுத்தாள். "அது நானாங்க்கா?" என்று கேட்டாள். "நீயேதான்!" என்றாள் தேவிப்ரியா.

அதெல்லாம் சரி. மைதானம் வேறு, பஸ் வேறு.

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். "நான் சும்மா வாரேன். வாயத் தொறக்க மாட்டேன். நீதான்" என்று தேவிப்ரியா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம். அன்றைக்கென்று பார்த்துக் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. கண்டக்டர் முன்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு காதைப் பிளந்தது. நர்மதா இரண்டு தடித்த ஆள்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

தண்ணித் தொட்டி போயிற்று. தீவன மில் வந்தது. அதற்கடுத்தது பண்ணைதான்.

நர்மதாவின் உதடு அசைந்தது. "நிறுத்துங்க." பக்கத்து ஆளுக்கே கேட்கவில்லை. தேவிப்ரியாவின் தொண்டைக்குள் ஒரு கூப்பாடு வந்து முட்டியது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தீவன மில் பின்னால் போயிற்று. பண்ணையின் தகரக் கூரைகள் தெரிந்தன. நாளைக்கு வகுப்புப் பெஞ்சில் இவள் இருக்கமாட்டாளே! ஒரே ஒரு சத்தம், நான் போட்டால் போதுமே! கடித்தபடியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ் பண்ணை கேட்டை நெருங்கிவிட்டது.

நர்மதா திரும்பி அவளைப் பார்த்தாள். துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழுகிற அக்காவைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"பண்ணை ஸ்டாப்பூ! நிறுத்துங்கோவ்!"

பாட்டையும் தாண்டிக் கேட்டது. இரண்டு தடித்த ஆள்களும் துள்ளி விலகினார்கள். விசில் பறந்தது, பஸ் குலுங்கி நின்றது. கூட்டத்துக்குள்ளிருந்து கண்டக்டரின் தலை எட்டிப் பார்த்தது. "அடேங்கப்பா! இத்தன நாளா இந்தச் சத்தத்த எங்க வெச்சிருந்தே பாப்பா? எறங்கு, எறங்கு, அவசரமே இல்ல!"

இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள். வெயில் இன்னும் தகரத்தில் பளபளத்தது. நர்மதாவுக்கு நிற்க முடியவில்லை. கேட்டை நோக்கி ஓடிக்கொண்டே, "அப்போவ்! நின்னுருச்சுங்கப்பா! நான் சொல்லி நின்னுருச்சு!" என்று கத்தினாள்.

முதல் ஷெட்டுக்குள் படபடவென்று சத்தம் கிளம்பியது. அது அடுத்த ஷெட்டுக்கும் தொற்றிக்கொண்டது. முட்டைத் தட்டுகளை லோடு வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அங்கமுத்து அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். பழக்கம், வரும்போதே விரல் வாய்க்குப் போய்விட்டது. நர்மதா அப்படியே உறைந்து நின்றாள். ஐயோ, கடைசியில் கோழியால் கெட்டதே என்று தேவிப்ரியா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அங்கமுத்து மகளைப் பார்த்தார். கூரை மேல் இன்னும் அடித்த வெயிலைப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார். விரல் வாயிலிருந்து இறங்கியது.

"நீயா சாமி கத்துனே?"

"ஆமாங்கப்பா." மறுபடியும் குரல் உள்ளே போய்விட்டது. "கோழி மெரண்டுருச்சுங்களா?"

ஷெட்டுக்குள் முப்பதாயிரமும் அடித்துக்கொண்டிருந்தன. அங்கமுத்து அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"மெரண்டா மெரளட்டும் போ" என்றார். "நாளைக்குப் பஸ்ஸுலயும் இப்படியே கத்தோணும். எனக்கு இங்க கேக்கோணும்."