ஏழடிக்காரனின் ஷூ

ஜூன் மாதம் புதுப் பையன்கள் வந்து இறங்கிய அன்றே டெஸ்மண்ட் கிரயருக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது. கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் கூடைக்கு அடியில் நின்று முட்டி மோதுகிற வேலை அவனுடையது. கடைசி வருஷம். அந்த இடத்துக்கென்றே தெற்கு இண்டியானாவின் சோளக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஏழடிப் பையன் ஒருவனைக் கூட்டிவந்திருந்தார்கள். பெயர் வெண்டல் ஸ்ட்ராட்மன். போதாக்குறைக்கு கோச் பிராக்கெட் டெஸ்மண்டைத் தனியே அழைத்து, ரெண்டு வாரம் அந்தப் பையன்மேல் விழுந்து மோதிப் பார்த்துவிட்டு, தேறுவானா மாட்டானா என்று அவன்தான் சொல்ல வேண்டும் என்றார். தன் நாற்காலியில் உட்கார வந்தவனுக்குத் தானே மார்க் போட வேண்டும்.

புதிதாக வருகிறவனை உடை மாற்றும் அறைக் கதவின் மர நிலையில் வெறுங்காலோடு நிறுத்தி, தலைக்கு மேல் கத்தியால் கோடு கிழிப்பது அந்த அணியின் வழக்கம். போஸ்டரில் அச்சடித்த உயரமெல்லாம் அங்கே வந்ததும் சுருங்கிவிடும். டெஸ்மண்டே இரண்டு அங்குலம் சுருங்கியவன்தான். வெண்டல் மட்டும் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்றான். காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏழடின்னு போஸ்டர் அடிச்சாச்சு. இப்பக் கழட்டினா ஆறேமுக்கால்தான் தேறும்" என்றான் ஒருவன். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் ஆறேமுக்கால். கோச்சும் சிரித்தார். ஷூவோடு சேர்த்தே ஏழடி இருந்துவிட்டுப் போகட்டும், டிக்கெட் விற்றால் சரி என்றார்.

டெஸ்மண்டும் சிரித்தான். பொய்யன் ஒருவனை முழங்கையால் இடிப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தான்.

ஆனால் மோதிப் பார்த்த முதல் நாளே வயிறு எரிந்தது. பையனுக்கு அப்படி ஒரு கை. எப்படி எறிந்தாலும் பந்து அவன் விரல்களுக்குள் வந்து பூனைக்குட்டி போலச் சுருண்டுகொண்டது. முதுகில் ஒருத்தன் ஏறி நிற்கும்போதே, அந்தப் பக்கம் யார் தனியாக நிற்கிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. போதாததற்கு மரியாதை வேறு. இடித்துத் தள்ளினால் எழுந்து நின்று, "நீங்க ரொம்ப பலம்" என்பான். டெஸ்மண்டுக்கு அவன் பல்லை உடைக்க வேண்டும் போலிருக்கும்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ வேறொன்று கண்ணில் பட்டது. வெண்டல் வலது காலால் மட்டுமே எம்பினான். வலது காலில் மட்டுமே இறங்கினான். பந்து இடப்பக்கம் தெறித்தால் எம்பாமல், இடுப்பால் யாரையாவது தள்ளிக்கொண்டு நிற்பது போலப் பாவனை செய்தான். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் இடது ஷூவின் கயிற்றை இழுத்து இழுத்து இறுக்கினான். எல்லோரும் குளித்து முடித்துப் போன பிறகுதான் குளிக்கப் போனான்.

ஒரு மதியம் டெஸ்மண்ட் போகாமல் காத்திருந்தான். வெண்டல் ஷூ இல்லாமல், ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் குளிக்க வந்தான். இடது பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, வீங்கிக் கறுத்திருந்தது.

டெஸ்மண்டுக்கு அந்த எலும்பைத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அறைத்தோழன் ரோலண்டுக்கு, ஆட்டத்தின் நடுவில், இதே எலும்பு காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது. பந்து தட்டும் சத்தத்தையும் மீறி அது கேட்டது. ரோலண்ட் இப்போதும் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான்.

"யாருக்கும் சொல்லிடாதீங்க. சனிக்கிழமை ஆட்டத்தைப் பாக்க எங்க ஊரே பஸ் பிடிச்சு வருது" என்றான் வெண்டல்.

"ஊர் வந்து உன் காலைத் தூக்கிட்டுப் போகுமாடா?"

டெஸ்மண்ட் அங்கிருந்து நேராகக் கோச்சின் அறைக்குப் போனான். வெண்டலை ஆட்டத்தில் இறக்காதீர்கள், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள் என்றான். கோச் நாற்காலியில் சாய்ந்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வெண்டலைக் கூப்பிட்டு, டெஸ்மண்டை வைத்துக்கொண்டே கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

வெண்டல் ஷூ போட்டிருந்தான். இரண்டு காலிலும் சமமாக நின்றான். "நல்லாத்தான் இருக்கு கோச். டெஸ்மண்டுக்கு என்னைப் பிடிக்கலை போல."

"நான் கேட்டது அவன் ஆட்டத்தைப் பத்தி. உன் பயத்தைப் பத்தி இல்ல" என்றார் கோச். ஷூவைக் கழற்று என்று அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டெஸ்மண்ட் வெளியே வந்து சுவரைக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம். தன் இடம் போகிறதே என்ற பயம் அவனுக்கு இல்லாமல் இல்லை. அதனால்தான் கோச்சின் பேச்சு அவ்வளவு சுட்டது.

சனிக்கிழமை அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஊர்க்காரர்கள் முன்னால் ஆடியது. அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒரு வரிசை முழுக்க வெண்டலின் ஊர். அவன் பெயர் எழுதிய துணியைப் பிடித்திருந்தார்கள். அவனைத் தடுக்கும் வேலை டெஸ்மண்டுக்கு.

எப்படித் தடுப்பது என்று டெஸ்மண்டுக்கு நன்றாகவே தெரியும். இடப்பக்கம் நெருக்கினால் போதும். ஒன்று பையன் கோமாளி ஆவான், இல்லையென்றால் இடது காலால் எம்புவான். ஒரு கணம், முழுசாக ஒரு கணம், எம்பட்டுமே, உடையட்டுமே என்று நினைத்தான்.

பந்து வளையத்தில் பட்டு இடப்பக்கம் தெறித்தது. ஊர் எழுந்து நின்று கத்தியது. வெண்டல் எம்புவதற்காக இடது காலை மடக்கினான்.

டெஸ்மண்ட் அவனை இரண்டு கைகளாலும் இடுப்போடு கட்டிப் பிடித்துத் தரையில் அழுத்தினான். நடுவர் விசில் ஊதினார். ஃபவுல். அடுத்த முறை பந்து அந்தப் பக்கம் போனதும் மறுபடி கட்டிப் பிடித்தான். அரங்கம் ஊளையிட்டது. ஒரு காகிதக் கோப்பை பறந்து வந்து அவன் முதுகில் விழுந்தது. வெளியே போடா என்று கோச் கத்தினார். டெஸ்மண்ட் பிடியை விடவில்லை.

"ஷூவைக் கழட்டு. இல்லேன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பொறாமைன்னு எல்லாரும் சொல்லட்டும். எனக்கு ஒண்ணுமில்ல."

பையன் பிடிக்குள் இருந்தபடியே குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். "எம்பியிருந்தா உடைஞ்சிருக்கும்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

டெஸ்மண்ட் கையை எடுத்துவிட்டு உடை மாற்றும் அறைக்கு நடந்தான். கொஞ்ச நேரத்தில் வெண்டல் நொண்டிக்கொண்டே வந்தான். அவன் பின்னால் கோச். பையன் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான், காலுறையையும் கழற்றினான். பிறகு எழுந்து நிலையோடு ஒட்டி நின்றான்.

"அளந்துக்கங்க" என்றான்.

கோச் அந்தப் பாதத்தையே பார்த்தார். "இதை ஏன் என்கிட்ட யாரும் சொல்லலை?"

டெஸ்மண்ட் கத்தியை எடுத்துப் பையனின் தலைக்கு மேல் கோடு கிழித்தான். மரம் சிம்பு சிம்பாகப் பெயர்கிற அளவுக்கு அழுத்திக் கிழித்தான். வெறுங்காலிலேயே ஏழடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"தேறுவானான்னு கேட்டீங்களே, தேறுவான். என்னைவிட நல்லாவே ஆடுவான்" என்றான். "அடுத்த வருஷம்."

கத்தியை மடக்கிப் பையில் போட்டான். வெண்டலின் கையை வெடுக்கென்று இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நல்லா சாஞ்சுக்கோடா, முட்டாளே" என்றான். கோபம் இன்னும் தணியவில்லை.