மருந்து அலமாரிச் சாவி

விடியுமுன்பே ஆயா, ரத்தமும் மலமும் ஊறிய விரிப்புகளைப் பினாயிலில் முக்கிப் பிழிந்திருந்தாள். விரலிடுக்குகள் எரிந்தன. சலவைக்கூடத்தின் பின்னறையிலிருந்து அவள் புருஷனின் முனகல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

துருவேறிய நீராவிக் குழாய் வெடித்ததில், ஆஸ்பத்திரியின் பாய்லரை ஓட்டிய அந்த மனிதன் கழுத்திலிருந்து தொடைவரை வெந்துபோனான். பிழைக்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும்தான். சத்தம் மற்ற நோயாளிகளைப் பயமுறுத்துகிறது என்று கட்டிலை இங்கே தள்ளவைத்தார் முதலாளி டாக்டர். வலியை அடக்கும் ஊசிமருந்து இருந்த அலமாரியின் சாவி அவர் சட்டைப்பையில்.

முந்தின நாள் ஊசி போடச் சொல்லி அவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"மாத்திரை தரச் சொல்லியிருக்கேன்ல? ஊசி போட்டா மூச்சு நின்னாலும் நின்னுடும். அந்தப் பழி எனக்கெதுக்கு?"

"உங்கப்பாவுக்கு தினமும் நான்தானே ஊசித்தட்டைத் தூக்கிட்டுப் போறேன். அவரு மூச்சு மட்டும் இரும்பா ஐயா?"

"அது வேற. போய் வேலையப் பாரு."

இன்றும் முதலாளி டாக்டர் அலமாரியைத் திறந்து தன் அப்பாவுக்கென நிரப்பிக் கொடுத்த ஊசி அவள் கைத்தட்டில் இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் நின்றாள். மேலே புற்றுநோயோடு கிடக்கும் பெரியவர் ஒருநாள் கதறட்டும். மகன் காதால் கேட்கட்டும். அந்த நினைப்பு இனித்தது. வெகுநேரம் நின்றாள்.

மேலிருந்து முனகல் வந்தது. கீழே கேட்ட அதே முனகல்.

பெரியவர் செய்த பாவம் இந்த மகனைப் பெற்றது ஒன்றுதான். படியேறி, தட்டை நர்ஸிடம் கொடுத்தாள்.

இறங்கி வந்ததும் லிஃப்ட் ஓட்டும் நெட்டையிடமும் சலவைப் பெண்களிடமும் சொன்னாள்: "பழி வாங்காம விடமாட்டேன். ஆனா படுத்துக் கிடக்கிறவர்மேல இல்ல."

"பாய்லர்ல தூக்கிப் போட்டுடலாமாக்கா?" என்றான் நெட்டை.

"வேணாம்டா. உங்கண்ணன் தலைமாட்டுல ஒரு நாற்காலி போடு."

முதலாளி டாக்டர் வந்து லிஃப்டில் ஏறினார். நெட்டை அதை மேலே விடாமல் கீழே சலவைக்கூடத்துக்கு இறக்கினான். கதவு திறந்தபோது, ஈரக்கைகளோடு சலவைப் பெண்கள் சுவராக நின்றார்கள்.

"உக்காருங்க ஐயா," என்று கட்டிலருகே இருந்த நாற்காலியைக் காட்டினாள் ஆயா. "யாரும் உங்களத் தொடமாட்டோம். ஊசி போடுங்க. இல்லேன்னா உக்காந்து கேளுங்க. மேல இருக்கிறவங்கள நாங்க முறைபோட்டுப் பாத்துக்குவோம்."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் நாற்காலி இருக்கு."

அவர் கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்தது. கட்டிலிலிருந்து முனகல் மறுபடி எழுந்தது. அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காத நர்ஸ், வெற்று ஊசியோடு படியிறங்கி வந்து வரிசையில் நின்றாள்.

ஆயா புருஷனின் நெற்றியில் ஈரத்துணியை வைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கய்யா. இப்ப எல்லாரும் கேட்டுட்டிருக்கோம்."