இலைமேல் ஒட்டிய தாள்

ஒவ்வொரு பாட்டிலிலும் நகத்தளவில் ஒரு பச்சை இலை இருந்தது. அருகில் ‘ஆர்கானிக்’ என்ற சொல். பீர் காய்ச்சிய நாட்டில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ரசாயனமில்லாமல் விளைந்திருந்தால் அந்த இலையைப் போடலாம். இங்கே கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ உட்பட முழுவதும் அப்படி விளைந்திருக்க வேண்டும். பூ அப்படி விளையவில்லை.

அந்த இலையை நம்பித்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு இறக்குமதி உரிமம் எடுத்திருந்தாள். சரக்கு சுங்கக் கிடங்கில் இறங்கிய பிறகுதான் விதி தெரிந்தது. இலையையும் சொல்லையும் தாள் ஒட்டி மறைத்தால் சாதாரண பீராக விற்கலாம் என்றார் அதிகாரி. ஒட்டிய தாள் உரியக் கூடாது. உரிந்தால் சரக்கை அழிக்க வேண்டும், உரிமமும் போகும்.

அக்காவும் தம்பியும் மூன்று நாள் ஒட்டினார்கள்.

“இலையை மறைக்கத்தான் இவ்வளவு தூரம் கப்பல்ல வரவழைச்சியாக்கா?”

“வாயை மூடிட்டு ஒட்டுடா.”

அதிகாரியின் சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வடிகட்டாத பீர், சூட்டில் கெட்டுவிடும். முதல் சரக்கிலேயே கெட்டதை விற்றவள் என்று பேர் வாங்கக் கூடாது என்று பெட்டிகளைக் குளிர் அறைக்கு மாற்றினாள். தம்பியும்தான் தூக்கினான். ஒட்டிய தாளுக்குக் குளிர் ஆகுமா என்று இருவருக்கும் தோன்றவில்லை.

சோதனையன்று பெட்டிகளை வெளியே எடுத்துப் பாட்டில்களை மேசையில் அடுக்கினார்கள். அதிகாரி அரை மணி நேரம் தாமதம். அதற்குள் பாட்டில்கள் வியர்த்துவிட்டன. அவர் ஒன்றை எடுத்தார். தாள் அவர் கட்டைவிரலோடு வந்தது. பக்கத்துப் பாட்டிலில் அது தானாகவே நழுவியது.

இன்னொரு தடவை ஒட்டித் தருகிறோம் என்று தம்பி கெஞ்சினான். அதிகாரி விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். கோபமாக இல்லை.

“குளிர் அறையில வைக்காம இருந்திருந்தா பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்மா.”

“கெட்டுப் போயிருக்குமே சார்.”

“அதை நான் பார்க்கிறதில்லைம்மா.”

அக்கா உரிமத்தைக் கொடுத்தாள். அவர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கிடங்கின் பின்புறச் சாக்கடையருகே இருவரும் பாட்டில்களைத் திறந்து கவிழ்த்தார்கள். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் போனில் பேசத் திரும்பியபோது தம்பி ஒரு வாய் குடித்தான்.

“நல்லா இருக்குக்கா,” என்றான். “கெடவே இல்ல.”

அவள் அடுத்த பாட்டிலைத் திறந்தாள்.