மூன்று ஆண்டு தாமதமாக வந்த அறிவிப்பு

அகாதெங்கோ ஊரை எரிப்பதற்கு முன் ஸ்பானியப் படை குன்றின்மேல் நின்று படித்த அறிவிப்பு, ஊர் எரிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, மக்காச்சோளம் ஊன்றும் மாதத்தின் ஒரு நண்பகலில் ஊருக்குள் வந்து சேர்ந்தது. குன்றில் ஆள் இல்லை. குரல் மட்டும் படித்தது: அரசருக்குப் பணிந்தால் விட்டுவிடுவோம், பதில் சொல்லாவிட்டால் இனி நேரும் சாவும் அடிமைத்தனமும் உங்கள் குற்றமே.

மூன்று ஆண்டுகளாகத் தளபதியின் சட்டைகளைத் துவைத்த நெகவாலுக்கு இப்போது அந்த மொழி புரிந்தது. அவளுடைய குலத்தார் போருக்கு முன் மூன்று முறை தூது அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் இருபது நாள் பொறுப்பார்கள், வெறுங்கையனை வென்றோம் என்ற பழி வராதிருக்க எதிரிக்கே கேடயமும் அம்பும் கொடுப்பார்கள். இவர்களோ உறங்கும் ஊரைப் பார்த்துத் தெரியாத மொழியில் முணுமுணுத்துவிட்டு, குதிரைகளையும் பஞ்சுக் கவசம் பூட்டிய நாய்களையும் ஏவினார்கள். அவள் கணவனைக் கிழித்தவை நாய்கள். எழுத்தர் பெனாவிதெஸ் தாளில் ‘பதில் இல்லை’ என்று எழுதினார். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இப்போது ஊரின் இளையவர்களுக்குக் கன்னத்தில் சூடு வைத்து வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓட்டப்போகிறார்கள். அவள் மகள் ஷிலோவும் பட்டியில் அடைபட்டிருந்தாள்.

குரல் மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் நெகவால் எழுத்தரின் வாசலில் நின்றாள்.

“எழுத்தரய்யா, உங்க அறிவிப்பு இப்பத்தான் வந்து சேந்திருக்கு. பதில எழுதிக்க வாங்க.”

“பைத்தியமா உனக்கு? கெடு முடிஞ்சு மூணு வருஷமாச்சு.”

“உங்க குரலு ஆடி அசைஞ்சு வரலாம், என் பதிலு மட்டும் அன்னைக்கே ஓடி வந்திருக்கணுமா? அன்னைக்கு நீங்க படிச்ச குரல நீங்களே வந்து கேளுங்க.”

சிரித்தபடி வந்தவர் தன் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். படிப்பு முடிந்தது. கல்லில் ஒரு சோள ரொட்டியைத் திருப்பிப் போடும் நேரம் அமைதி. நெகவால் வரப்பில் ஏறி அவர்கள் மொழியிலேயே கத்தினாள்: “இறங்கி வாங்க, பேசலாம்! நாயக் கட்டிப்போட்டுட்டு வாங்க!”

மேலே தாள் சலசலத்தது. மூன்று ஆண்டுக்கு முந்தைய பெனாவிதெஸின் குரல் சொன்னது: “தளபதி, யாரோ பதில் சொல்றாங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. பதில் இல்லைன்னு எழுதுய்யா.”

இறகு கீறும் ஓசை. பிறகு நாய்ச் சங்கிலிகள் அவிழ்ந்தன.

பெனாவிதெஸ் வீட்டுக்குப் போய் அன்றைய தாளை எடுத்து, அந்த வரியைக் கத்தியால் சுரண்டி, அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். தளபதி வாளின் பிடியைத் தொட்டுக் கத்தியபோதும் வேறு தாள் எழுதித் தரவில்லை. ‘பதில் இல்லை’ என்ற தாளில்லாமல் கொல்லன் சூட்டு இரும்பைக் காய்ச்ச மறுத்துவிட்டான்.

ஷிலோ தழும்பில்லாத கன்னத்தோடு வீடு திரும்பினாள். அவள் அப்பன் திரும்பவில்லை. குரல் இன்றும் ஊன்றும் மாதத்தில் வருகிறது. அகாதெங்கோக்காரர்கள் நிமிர்ந்து, ஒரே குரலில் பதிலைச் சொல்லிவிட்டு, சங்கிலி ஓசை ஓயும்வரை நின்று, மறுபடி குனிந்து சோளம் ஊன்றுகிறார்கள்.